காத்து போனாலும் ஓடற டயர்: திண்டிவனம் தாண்டினா 80 கிலோமீட்டர் போதுமா?

இந்த வாரம் கோடும் இல்ல, கிளவுடும் இல்ல. டயர் பத்திப் பேசப்போறோம். அதுக்குக் காரணம் நம்ம லிசனர் ஒருத்தர் அனுப்பின வாய்ஸ் நோட்.

அவருக்கு வேலை சென்னையில, சொந்த ஊர் விழுப்புரம். அஞ்சு வருஷமா சேத்து வச்ச காசுல செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கியிருக்கார். வாழ்த்துகள் ப்ரோ, பொறாமையோட சொல்றேன். அந்தக் கார்ல இருக்கறது ரன்-ஃப்ளாட் டயர். அவர் கேட்டது இதுதான்: "கட்டை வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது ப்ரோ. ஓனர்ஸ் குரூப்ல எல்லாரும் இதைக் கழட்டிட்டு நார்மல் டயர் போடச் சொல்றாங்க. போட்டுடலாமா? மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போவேன். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி."

குரூப்ல அவருக்குப் பதில் சொன்ன யாரும் அந்தக் கடைசி வரியைக் கேட்டிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். எனக்கு அதுதான் முக்கியமாப் பட்டுது. நானும் விழுப்புரத்துப் பக்கத்து ஆள்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த ரோடு எப்படி இருக்கும்னு தெரியும்.

முதல்ல அடிப்படையை முடிச்சுடுவோம். ஒரு காரோட எடையைத் தாங்கறது டயருக்குள்ள இருக்கற காத்துதான். ரப்பரோட வேலை அந்தக் காத்தைப் பிடிச்சு வைக்கிறது. கார் 1,600 கிலோன்னு வச்சுக்குங்க. ஒரு சக்கரத்துக்கு 400 கிலோ. டயர்ல 33 பிஎஸ்ஐ காத்து இருந்தா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ தாங்கும். வகுத்துப் பாருங்க, 170 சதுர சென்டிமீட்டர் சொச்சம் வரும். 13க்கு 13 சென்டிமீட்டர் கட்டம். பழைய சிடி டப்பா ஞாபகம் இருந்தா, கிட்டத்தட்ட அந்த அளவு. அந்த மாதிரி நாலு டப்பா மேலதான் நாம 100ல போய்ட்டு இருக்கோம்.

காத்து போயிடுச்சுன்னா சாதாரண டயரோட பக்கச் சுவர், அதாவது சைடு வால், மடங்கிடும். அலாய் வீல் அது மேல ஏறி அரைக்கும். கொஞ்ச தூரத்துலயே டயர் கிழிஞ்சுடும், இல்லன்னா வீலை விட்டே கழண்டுடும். ரன்-ஃப்ளாட்ல அந்த சைடு வாலுக்குள்ள சூட்டைத் தாங்கற கெட்டி ரப்பரைக் கூடுதலா வச்சிருப்பாங்க. காத்து இல்லாட்டியும் அந்தச் சுவர் மேலயே கார் நிக்கும். பொதுவாச் சொல்ற கணக்கு: காத்து சுத்தமா போன பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள 80 கிலோமீட்டர் தூரம். கார்ல லோடு அதிகமா இருந்தாலோ, வேகமா ஓட்டினாலோ அந்த தூரம் குறையும். நம்ம ஊர் மே மாச மத்தியானத்துல, கொதிக்கிற தார் ரோட்டுல, அந்த 80ஐ முழுசா நம்பி நான் ஓட்ட மாட்டேன். மடங்கி மடங்கி நிமிர்ற ரப்பர் சூடாகும். அந்தச் சூடுதான் டயரைக் கொல்றது.

உங்க டயர் ரன்-ஃப்ளாட்டான்னு தெரிஞ்சுக்க பக்கவாட்டுல இருக்கற எழுத்தைப் பாருங்க. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேர் வச்சிருக்கு. பிரிட்ஜ்ஸ்டோன்ல ஆர்எஃப்டி, மிஷெலின்ல இசட்பி, கான்டினென்டல்ல எஸ்எஸ்ஆர், குட்இயர்ல ஆர்ஓஎஃப். பிஎம்டபிள்யூவுக்குன்னு செஞ்சதுல ஆர்எஸ்சின்னு ஒரு முத்திரையும் இருக்கும். ஏன் எல்லாரும் ஒரே பேரை வைக்கலன்னு கேட்டா, நம்ம துறையில ஒரே விஷயத்துக்கு எத்தனை ஃப்ரேம்வொர்க் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. ரன்-ஃப்ளாட் டயர் காத்து போனதை மறைச்சுடும். ஸ்டியரிங் பெருசா இழுக்காது, வண்டி சாயாது. அதனால டயர்ல காத்து எவ்வளவுன்னு சொல்ற டிபிஎம்எஸ் இல்லாம ரன்-ஃப்ளாட் போடவே கூடாது. இதுல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, சக்கரத்துக்குள்ளயே சென்சார் வச்சு நேரா பிஎஸ்ஐயைச் சொல்றது. இன்னொண்ணு, ஏபிஎஸ் சென்சாரை வச்சுக் கணக்குப் போடறது. காத்து குறைஞ்சா சக்கரத்தோட ஆரம் கொஞ்சம் குறையும், அப்போ அது மத்த மூணை விட லேசா வேகமாச் சுத்தும். அந்த வித்தியாசத்தை சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கும். எனக்கு இந்த ரெண்டாவது வகை மேல ஒரு பிரியம் உண்டு. புது சென்சார் ஒண்ணு கூட வாங்காம, இருக்கற டேட்டாவை வச்சே வேலையை முடிச்சுட்டாங்க.

ஆன்-கால் வேலை பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். ஸ்டெப்னிங்கறது பேக்கப் சர்வர். ஒண்ணு படுத்தா, நிறுத்தி, மாத்தி, மறுபடி ஓட்டலாம். ரன்-ஃப்ளாட்ங்கறது, சர்வர் பாதி செத்தாலும் சைட் மெதுவா ஓடிட்டே இருக்கற மாதிரி. டிபிஎம்எஸ்தான் ராத்திரி 3 மணிக்கு நம்மளை எழுப்பற அலெர்ட். அலெர்ட் இல்லாத சிஸ்டம் பாதி செத்து ஓடிட்டு இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப்னின்னு சொன்னதும் ஒரு சின்ன கதை. இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? வேல்ஸ்ல லானெல்லின்னு ஒரு ஊர். அங்க ஸ்டெப்னி தெரு. 1904 வாக்குல தாமஸ் மோரிஸ் டேவிஸ்ங்கறவர் அங்க ஒரு உபரிச் சக்கரத்தைக் கண்டுபிடிச்சார். அப்போ காரோட ஸ்பேர் வீல் எல்லாம் வராது. பஞ்சரானா நடு ரோட்டுல உட்கார்ந்து ஒட்டணும். அவர் செஞ்சது, ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்ல காத்து அடிச்ச டயர். பஞ்சரான சக்கரத்து மேலயே அதை மாட்டிட்டுப் போய்டலாம். இங்கிலீஷ் பேசற ஊர்கள்ல அந்தப் பேர் பெரும்பாலும் மறந்து போச்சு, நம்ம ஊர் மெக்கானிக் ஷாப்ல இன்னும் உயிரோட இருக்கு. பேர் இருக்கு, பொருள்தான் போய்ட்டு இருக்கு. 2020 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்துச்சு. டிபிஎம்எஸ்ஸும் டயர் ரிப்பேர் கிட்டும் இருந்தா 3.5 டன்னுக்குள்ள இருக்கற பயணிகள் கார்ல ஸ்டெப்னி கட்டாயம் இல்ல.

சரி, ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். அதுல ஸ்டெப்னிக்கு இடமே கிடையாது, அதுதான் அடிப்படைப் பிரச்சினை. இடம் இருந்தாலும் பல கார்கள்ல முன் டயர் ஒரு அளவு, பின் டயர் வேற அளவு. எதை ஸ்டெப்னியா வைப்பீங்க? அமெரிக்காவுல செவர்லே கார்வெட் இதுக்குத் தெளிவா ஒரு முடிவெடுத்துச்சு. 1997ல வந்த சி5 மாடல்ல ஸ்டெப்னியே இல்ல, எல்லா காருக்கும் ரன்-ஃப்ளாட். ஆனா அதே சி5ல, 2001ல இசட்06ன்னு வேகமான ஒரு வெர்ஷன் வந்தப்போ ரன்-ஃப்ளாட்டைக் கழட்டிட்டாங்க. எடையைக் குறைக்கத்தான். நாலு டயர் சேத்து ஏறத்தாழ 10 கிலோ மிச்சம். பதிலுக்கு ஒரு ரிப்பேர் கிட் கொடுத்தாங்க. அடுத்த தலைமுறை இசட்06ல மறுபடியும் ரன்-ஃப்ளாட் வந்துடுச்சு. ஒரே கம்பெனி, ஒரே கார், பத்து வருஷத்துக்குள்ள மூணு முடிவு.

10 கிலோவுக்கா இவ்வளவுன்னு தோணும். சீட்டுல 10 கிலோ ஏறினா ஒண்ணும் தெரியாது. சக்கரத்துல ஏறினா தெரியும். ஏன்னா அந்த எடை ஸ்ப்ரிங்குக்குக் கீழ இருக்கு. ஒவ்வொரு பள்ளத்துலயும் சஸ்பென்ஷன் அதைத் தூக்கி இறக்கணும். போதாததுக்கு அது சுத்தவும் செய்யுது. வேகம் எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் அதோட சுழற்சிக்கும் சேத்து சக்தி செலவாகும்.

பிஎம்டபிள்யூவோட கதை இன்னும் சுவாரசியம். இசட்4னு அவங்களோட ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். முதல் ரெண்டு தலைமுறையும் ரன்-ஃப்ளாட். ஆனா 2006ல வந்த இசட்4 எம், அதாவது அதோட முரட்டு அண்ணன், சாதாரண டயர்லதான் வந்துச்சு. அப்புறம் மூணாவது தலைமுறையில மொத்தமாவே சாதாரண டயருக்கு மாறிட்டாங்க. அதனால "ரன்-ஃப்ளாட் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆகாது"ன்னு குரூப்ல சொல்றவங்க சும்மா சொல்லல. காரைச் செஞ்சவங்களே அப்படி யோசிச்சிருக்காங்க.

ஆனா அது முழு உண்மையும் இல்ல. நிசான் ஜிடி-ஆர் 2007ல வந்தது. ரேஸ் டிராக்ல பெரிய பெரிய கார்களுக்குத் தண்ணி காட்டினது. அதுல 20 இன்ச் ரன்-ஃப்ளாட், உள்ள நைட்ரஜன். டயர் வீல் மேல வழுக்கிடக் கூடாதுன்னு வீலோட உள் விளிம்புல சொரசொரப்பு கூட செதுக்கியிருந்தாங்க. இப்போ இருக்கற சி8 கார்வெட்டும் மிஷெலின் ரன்-ஃப்ளாட்லதான் ஓடுது. டயரை மனசுல வச்சு சஸ்பென்ஷனைச் செஞ்சா ரன்-ஃப்ளாட்லயும் நல்லா ஓட்ட முடியும்.

கெட்டி சைடு வால்ங்கறதே ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓரளவு பிடிச்ச விஷயம்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினதும் டயர் குழையாம உடனே பதில் சொல்லும். சிக்கல் எங்கன்னா, நேரா போகும்போதும் அது குழையாது. ரோட்டுல இருக்கற ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடமும், பாலத்து இணைப்பும் உங்க முதுகுக்கு வந்து சேரும். சாதாரண டயர் பள்ளத்துல விழுந்தா சைடு வால் அமுங்கி அடியைக் கொஞ்சம் வாங்கிக்கும். ரன்-ஃப்ளாட் அந்த அடியை அப்படியே அலாய் வீலுக்கு அனுப்பிடும். வீல் வளையும், சில நேரம் விரிசல் விடும். மழை முடிஞ்ச டிசம்பர்ல நம்ம ரோடுகளை நினைச்சுக்குங்க. விலையும் கூடுதல். பஞ்சர் ஒட்டறதுலயும் தொல்லை. அதுக்கு இப்ப வரேன்.

இனிமேதான் நம்ம ரோடு. சென்னையில இருந்து ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிச்சு, பரனூர் டோல், செங்கல்பட்டு, ஆத்தூர் டோல், திண்டிவனம். சுமார் 120 கிலோமீட்டர். அங்க பாண்டிச்சேரி போறவங்க இடது பக்கம் பிரிஞ்சுடுவாங்க. ஜாலியா போற கார்ல பாதி அங்கயே கழண்டுடும். மிச்சம் இருக்கறது தென் மாவட்டத்துக்குப் போற ஆம்னி பஸ், லாரி, ஊருக்குப் போற நாம. அடுத்த 40 கிலோமீட்டர், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி டோல், முண்டியம்பாக்கம், விழுப்புரம். ஊர் வர்ற இடத்துல வெளிச்சம், நடுவுல இருட்டு. கரும்பு ஏத்தின டிராக்டர் பின்னாடி லைட் இல்லாம போகும். பழைய விபத்துல உடைஞ்ச இரும்பு, லாரியில இருந்து விழுந்த போல்ட்டு, எல்லாம் ரோட்டோரத்துலதான் கிடக்கும். பஞ்சரானா நாம ஒதுங்கற இடமும் அதே ஓரம்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி, நவம்பர் மாசம். நண்பனோட கார்ல ஒரு கல்யாணத்துக்கு விழுப்புரம் போய்ட்டு இருந்தோம். மறுநாள் காலையில முகூர்த்தம். அதுவும் ரெண்டு சீட்டுக் கார், ரன்-ஃப்ளாட் டயர். லேசா தூறல். கூட்டேரிப்பட்டு தாண்டினதும் டேஷ்போர்டுல மஞ்ச லைட். வலது பின் டயர். ஸ்கிரீன்ல 32ல இருந்து 24, அப்புறம் 15. மணி 11.40. அவன் கால் தானா பிரேக்குக்குப் போச்சு. "நிறுத்தாத, மெதுவா இடது லேன்ல போ"ன்னேன். 60ல ஓட்டிட்டே விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் வந்து, அந்த வெளிச்சத்துல ஓரமா நிறுத்திப் பார்த்தோம். கட்டை விரல் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு ட்ரெட்ல குத்திட்டு நிக்குது. அதைப் பிடுங்காம அப்படியே விட்டோம். 12.30க்கு மண்டபத்து வாசல்ல இருந்தோம். சாப்பாடு முடிஞ்சிருந்துச்சு, அது வேற விஷயம்.

காலையில பைபாஸ் ஓரத்துல ஒரு பஞ்சர் கடைக்குப் போனோம். அந்த அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். டயரை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"எங்கேர்ந்து தம்பி ஓட்டிட்டு வந்தீங்க?"

"கூட்டேரிப்பட்டுலேர்ந்துண்ணே."

"அப்ப உள்ள பாக்காம கை வைக்க மாட்டேன்."

மெஷின்ல ஏத்தினார். சாதாரண டயர்னா ரெண்டு நிமிஷ வேலை. இது அந்தக் கெட்டிச் சுவரால வீலை விட்டு வரவே மாட்டேங்குது. கடைப் பையனும் சேந்து அழுத்தி, கால் மணி நேரம் ஆச்சு. கழட்டினதும் உள்ள மிளகுத்தூள் கொட்டின மாதிரி கறுப்பா ரப்பர் துகள். சைடு வால் உள்பக்கம் சுத்தி ஒரு தேய்ஞ்ச கோடு. அவர் விரலால அந்தத் தூளை எடுத்து எங்ககிட்ட காட்டினார்.

"மஷ்ரூம் பேட்ச் போட்டா காத்து நிக்கும் தம்பி. டயர் நிக்குமான்னு நான் சொல்ல முடியாது."

போட மாட்டேன்னுட்டார். நான் அவரை மதிக்கிறது அதுக்காகத்தான். ஓட்டை ட்ரெட்ல, 6 மில்லிமீட்டருக்குள்ள இருந்து, உள்பக்கத்துல இருந்து பேட்ச் போட்டா சாதாரண டயரை நல்லபடியா சரி பண்ணலாம். வெளிய இருந்து சொருகற ஸ்ட்ரிப், வீடு போய்ச் சேரறதுக்குத்தான். ஆனா காத்தே இல்லாம ஓடின ரன்-ஃப்ளாட்டோட உள் காயம் வெளிய தெரியாது. அதை மறுபடி நம்பி 120ல போறது பெரிய சூதாட்டம். அதனாலதான் பல கம்பெனிகள் காத்தில்லாம ஓடின டயரை ஒட்டாதீங்க, மாத்துங்கன்னு சொல்லுது.

மாத்தணும்னா டயர் வேணுமே. விழுப்புரத்துல அந்த அளவு இல்ல. பாண்டிச்சேரியில நாலு கடைக்கு ஃபோன் பண்ணோம், இல்ல. சென்னையில இருந்து பார்சல்ல வந்து சேர திங்கட்கிழமை சாயங்காலம். ரெண்டு நாள் கார் மண்டபத்து பார்க்கிங்ல கெடந்துச்சு. வந்த சொந்தக்காரங்க எல்லாரும் அது மேல சாஞ்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. [சிரிப்பு]

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பிஎம்டபிள்யூவோட இந்தியத் தொழிற்சாலை 2007ல இருந்து இதே ஜிஎஸ்டி ரோட்டு மேலதான் இருக்கு, செங்கல்பட்டுக்கு முன்னாடி மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில. ரன்-ஃப்ளாட் டயரை நம்ம ஊர்ல பரவலாக்கினதுல அவங்க கார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சுத்தி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜேகே, அப்போலோ, சியட்னு டயர் தொழிற்சாலைகளும் இருக்கு. ஆனா அதே ரோட்டுல ரெண்டு மணி நேரம் தெற்க வந்தா 19 இன்ச் ரன்-ஃப்ளாட் ஒண்ணு கிடைக்காது.

இப்போ அந்த 80 கிலோமீட்டரை நம்ம மேப்ல வச்சுப் பாருங்க. திண்டிவனத்துல பஞ்சரானா விழுப்புரம் 40, பாண்டிச்சேரி 40, செங்கல்பட்டு 65 சொச்சம். மூணுமே கைக்கு எட்டும். சென்னை 120, எட்டாது. விழுப்புரத்துல ஆனா சென்னை 160. அதாவது பாதுகாப்பா நிறுத்தற இடம் எப்பவும் 80க்குள்ள இருக்கு. மாத்து டயர் பெரும்பாலும் 80க்கு வெளிய இருக்கு. ரன்-ஃப்ளாட் நமக்கு வாங்கித் தர்றது முதல் பாதியை மட்டும்தான்.

அந்த முதல் பாதிக்கு என்ன மதிப்புன்னு பஞ்சர் கடை அண்ணன்தான் எனக்குப் புரிய வச்சார். டீ சாப்பிட்டுட்டே கேட்டேன், ராத்திரி ரோட்டுல நின்ன வண்டிக்கு நீங்க போவீங்களாண்ணே?

"இடது டயர்னா போவேன் தம்பி. வயல் பக்கம் உக்காந்து கழட்டலாம். வலது டயர்னா போக மாட்டேன். முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கிட்டு உக்காரணும். 'எப்படியாவது உருட்டி ஒரு பங்க்குக்குள்ள விடுங்க, அப்புறம் வரேன்'னுதான் சொல்லுவேன்."

நமக்கு இடது பக்கம் ஓட்டற ஊர். ஓரத்துல நிறுத்தினா வலது பக்கச் சக்கரங்கள் ரோட்டைப் பார்த்து இருக்கும். ஜாக்கி போட்டு, குனிஞ்சு, வீல் ஸ்பேனரைப் பிடிச்சுட்டு இருக்கும்போது, ஒண்ணரை அடி தள்ளி 100ல ஆம்னி பஸ் போகும். டிரைவர் தூங்கிட்டாலோ, மழையில உங்களைப் பார்க்கலன்னாலோ, அவ்வளவுதான். விபத்துல அடிபட்டவங்களைக் கொண்டு போற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி முண்டியம்பாக்கத்துல, அதே ஹைவே ஓரத்துலயே இருக்கு. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வலது டயர்தான் ஞாபகம் வரும்.

ரிப்பேர் கிட்டும் இதே சிக்கலைத்தான் தருது. கிட்டைப் பயன்படுத்தவும் நிறுத்தி, இறங்கி, உட்காரணும். அதுவும் ட்ரெட்ல இருக்கற சின்ன ஓட்டைக்குத்தான். சைடு வால் கிழிஞ்சா அந்த மருந்து அப்படியே வெளிய வழிஞ்சுடும். ரன்-ஃப்ளாட் சைடு வால் வெட்டுப்பட்டாலும் பெரும்பாலும் கொஞ்ச தூரம் ஓடும்.

அதனால வாய்ஸ் நோட் நண்பருக்கு என் பதில்: கழட்டாதீங்க. மாசம் ரெண்டு தடவை, ராத்திரியில, தனியா, இந்த ரோட்டுல போறவருக்கு, நிறுத்தற இடத்தை நீங்களே முடிவு பண்ண முடியறதுங்கறது, முதுகு வலியை விடப் பெருசு. ஆனா வலியையும் குறைக்கலாம். முதல்ல காத்தைப் பாருங்க. கதவைத் திறந்தா பில்லர்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி அந்த அளவுக்கு வைங்க. பங்க்குல "எல்லாத்துக்கும் 38 வச்சுட்டேன் சார்"ங்கறது நம்ம ஊர் வழக்கம். ரன்-ஃப்ளாட்ல 38 வச்சா கட்டை வண்டிதான். அடுத்து, பிரேக் இடிக்காதுன்னா ஒரு இன்ச் சின்ன வீல் போட்டு, உயரமான சைடு வால் உள்ள டயர் போடலாம். காருக்கு அனுமதிச்ச அளவுக்குள்ள மட்டும். டயர் மாத்தற நேரம் வந்தா புது மாடல் ரன்-ஃப்ளாட்டைப் பாருங்க, பத்து வருஷம் முன்னாடி வந்ததை விட இப்போ வர்றது மென்மைதான்.

இதே கேள்வியை, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் ஈசிஆர்ல மகாபலிபுரம் வரைக்கும் போய் இட்லி சாப்பிட்டு வர்றவரோ, இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டறவரோ கேட்டா, "தாராளமா கழட்டுங்க"ன்னு சொல்லியிருப்பேன். பகல், ஆள் நடமாட்டம், வீட்டுக்குப் பக்கம். அங்க எடையும் பிடிமானமும்தான் முக்கியம்.

கழட்டியே தீருவேன்னா நாலையும் மாத்துங்க, ரெண்டு ரன்-ஃப்ளாட் ரெண்டு நார்மல்னு கலக்காதீங்க. டிபிஎம்எஸ் வேலை செய்யுதான்னு உறுதி பண்ணுங்க. 12 வோல்ட் காத்து பம்ப், பஞ்சர் கிட், டார்ச், சிவப்பு முக்கோணம், ஒளிரும் ஜாக்கெட் வண்டியில இருக்கட்டும். என்னைப் பயமுறுத்தறது, ரன்-ஃப்ளாட்டைக் கழட்டிட்டு, ஸ்டெப்னியும் இல்லாம, கிட்டும் இல்லாம ஓட்டறவங்கதான். ஓனர்ஸ் குரூப்ல அறிவுரை சொல்ற பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டறாங்கன்னு என் சந்தேகம். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இந்த நம்பரை இப்பவே ஃபோன்ல சேவ் பண்ணுங்க. இழுத்துட்டுப் போக வண்டி கூப்பிட்டா ஃப்ளாட்பெட்தான் வேணும்னு முதல்லயே சொல்லிடுங்க. தாழ்வான காரைச் சங்கிலி கட்டி இழுத்தா முன் பம்பர் கையோட வந்துடும்.

ஒண்ணு மறந்துட்டேன், செகண்ட் ஹேண்ட் கார்னு சொன்னீங்க இல்லையா. ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் ஓடாது. ட்ரெட் புதுசா இருக்கும், ரப்பர் வயசாகியிருக்கும். சைடு வால்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2317ன்னு இருந்தா 2017ஆம் வருஷத்தோட 23ஆவது வாரம் செஞ்சது. 5 வருஷம் தாண்டினதை வருஷா வருஷம் கழட்டிப் பார்க்கணும், 10 தாண்டினதை மாத்தணும். காத்தில்லாம ஒரு தடவை ஓடி, வெளிய மட்டும் பளபளன்னு இருக்கற டயரைப் பழைய ஓனர் உங்க தலையில கட்டியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஒரு தடவை நாலையும் கழட்டச் சொல்லி உள்ள பாருங்க, அந்த மிளகுத்தூள் இருக்கான்னு. பார்த்துட்டு அந்த நாலு எண்ணையும் எனக்கு அனுப்புங்க ப்ரோ. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி.